சொல்வதும் காப்பதே

பள்ளியில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால் அதை முதலில் பார்ப்பவர் யார்? தலைமையாசிரியராக இருப்பது அரிது. அவர் அலுவலகத்தில் இருப்பார். இல்லையேல் மாவட்டக் கல்வி இலாகாவில் கூட்டத்தில் இருப்பார். வகுப்பாசிரியர் வெண்பலகையில் எழுதிக்கொண்டிருப்பார். பிள்ளைகளின் பக்கத்தில் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டிவிட்டு, மூக்கைத் துடைத்துவிட்டு, கழிவறைக்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் ஆசிரியர் உதவியாளர்தான் பெரும்பாலும் முதலில் பார்க்கிறார். பள்ளியின் பதவி வரிசையில் கடைசியில் நிற்பவர் அவர். பிள்ளைக்கு மிக அருகில் நிற்பவரும் அவரே.

எஸ்.டி.பி.எம். தேர்வை எழுதி முடித்துவிட்டுப் பல்கலைக்கழக அழைப்புக்குக் காத்திருந்த ஏழு மாதங்கள், பேராக்கில் ஒரு தமிழ்ப்பள்ளியின் பாலர் வகுப்பில் நான் அத்தகைய உதவியாளராக வேலை செய்தேன். பெற்றோர் ஆசிரியர் சங்கம் கொடுத்த சிறு சம்பளம். சேர்ந்த அன்று வண்ணப் பென்சில்கள் எந்த அலமாரியில் உள்ளன, எந்தப் பிள்ளை எந்த வேனில் வீடு திரும்பும் என்றெல்லாம் விளக்கினார்கள். அவசரம் ஒன்று நேர்ந்தால் என்ன செய்வது, யாரிடம் சொல்வது என்ற பேச்சு மட்டும் எழவில்லை. பெரும்பாலான பள்ளிகளில் இதுதான் நிலை என்பதைப் பிறகு தோழர்கள் வழி அறிந்தேன்.

அந்த ஏழு மாதங்கள் எனக்கு ஒன்றைக் கற்றுத் தந்தன. ஆபத்தில் இருக்கும் பிள்ளைக்கு நாம் கையால் செய்யும் உதவி பாதிதான். பார்த்ததைப் பார்த்தபடி, உரியவரிடம், உரிய நேரத்தில் சொல்வது மறுபாதி. முதற்பாதியில் நம் சமுதாயம் குறை வைத்ததில்லை. ஒரு குரல் கொடுத்தால் பத்துப் பேர் ஓடி வருவார்கள். இரண்டாம் பாதியில்தான் நமக்குத் தயக்கம்.

தோட்டத்தில் சொல்லும் வழி

இந்தத் தயக்கத்திற்கு வேர் உண்டு. பேராக் மாநிலம் அடங்கிய மலாய்க் கூட்டு மாநிலங்களில் 1923ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டங்கள் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. பல இடங்களில் ஒரு கொட்டகையே பள்ளி. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ ஆசிரியர். கைக்குழந்தைகளுக்கு ஆயாக் கொட்டகை. காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் டிரஸ்ஸர். ஒரு சிறிய உலகத்துக்கு வேண்டியவை எல்லாம் வேலிக்குள்ளேயே இருந்தன. ஆனால், ஒரு செய்தி போய்ச் சேர்வதற்குப் படிகள் இருந்தன.

சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் வெட்டிய என் பாட்டி ஒரு நிகழ்ச்சியைச் சொல்வார். நிரையில் ஒருவரைப் பாம்பு கடித்துவிட்டது. தூக்கி வந்தாயிற்று. தோட்டத்து லோரியும் நின்றுகொண்டிருந்தது. "கங்காணிகிட்டச் சொல்லணும். கங்காணி கிராணிகிட்டச் சொல்வாரு. கிராணி தொரைகிட்டக் கேட்டுட்டு வருவாரு. அப்புறந்தான் லோரி கெளம்பும்" என்பார் பாட்டி. கடிபட்டவர் பிழைத்துக்கொண்டார். இருந்தாலும் பாட்டியின் நினைவில் நிற்பது பாம்பு அன்று. அனுமதி கேட்டு ஓடிய ஓட்டம்.

ஈப்போவைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்களில் இருந்தவர்கள் புந்தோங்கிற்கும் மற்ற குடியிருப்புகளுக்கும் வந்துவிட்டார்கள். பழக்கம் மட்டும் மூட்டை முடிச்சுகளோடு கூடவே வந்துவிட்டது. மேலே இருப்பவர் கேட்கும்வரை வாய் திறக்கக் கூடாது, நம்மால் யாருக்கும் தொல்லை வரக் கூடாது என்ற பழக்கம். பெரியவர்களுக்கு அடங்கி நடப்பது நல்ல பண்பு, மறுப்பதற்கில்லை. ஆனால், ஒரு பிள்ளையின் உயிர் படியேறி அனுமதி கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

முன்கூட்டிச் சொல்வது

அவசரம் நேர்ந்த பிறகு சொல்வதைவிட, நேர்வதற்கு முன் சொல்வது மேல். 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் தமிழ்நாட்டின் கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் பற்றிய தீயில் 94 பிள்ளைகள் மாண்டனர். சமையற்கூடத்தில் தொடங்கிய நெருப்பு கீற்றுக் கூரையில் தாவியது. அந்தக் கொடுமைக்குப் பிறகே பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்றும் நடவடிக்கை முழுவீச்சில் நடந்தது. கூரையும் அடுப்பும் நாள்தோறும் எல்லாருடைய கண் முன்னாலும் இருந்தவைதாம்.

நம் நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. 2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜொகூர், பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவின் நச்சு வாயு அருகிலிருந்த பள்ளிகளுக்குள் பரவியது. மாணவர்கள் மூச்சுத் திணறலாலும் வாந்தியாலும் அவதிப்பட்டனர். இறுதியில் அவ்வட்டாரத்தில் 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஒரு வகுப்பில் இரண்டு பிள்ளைகள் வாந்தி எடுத்தால் நாம் காலை உணவைக் குறை சொல்வோம். பக்கத்து வகுப்பிலும் இருவர் என்று தெரிந்தால்தான் சிக்கல் காற்றில் இருப்பது புலப்படும். அப்படித் தெரிய வேண்டுமானால், ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் யாராவது ஒருவர் உடனே சொல்லியிருக்க வேண்டும். சின்ன விஷயம் என்று விடுவதில் உள்ள ஆபத்து இதுதான்.

எங்கள் பாலர் வகுப்பின் விளையாட்டுத் திடலில் சறுக்குமரத்தின் விளிம்பு துருப்பிடித்துப் பிளந்திருந்தது. இரண்டு முறை வாய்வழி சொன்னேன். "பார்க்கலாம்" என்ற பதில் கிடைத்தது. மூன்றாவது முறை ஒரு பயிற்சிப் புத்தகத்தில் தேதியிட்டு, இடம், குறை, சொன்ன நேரம் ஆகியவற்றை எழுதி அலுவலகத்தில் கையெழுத்து வாங்கினேன். மறுநாள் சறுக்குமரத்தைச் சுற்றிக் கயிறு கட்டப்பட்டது. யாருக்கும் என் மேல் கோபமில்லை. வாய்ச்சொல் காற்றோடு போய்விடுகிறது. எழுத்து மேசை மேல் கிடந்து நினைவூட்டுகிறது.

பத்துப் பன்னிரண்டு

ஒரு புதன்கிழமை வகுப்பாசிரியர் அலுவலகத்திற்குச் சென்றிருந்தார். களிமண்ணில் யானை செய்துகொண்டிருந்த ஆறு வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்தபடியே ஒரு பக்கமாகச் சாய்ந்தான். கண்கள் மேலே செருகின. கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி 10.12.

நான் படித்த தேசிய இடைநிலைப்பள்ளியில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சீருடை இயக்கத்தில் இருந்தேன். அங்கே பயிற்சி கொடுத்தவர் வலிப்பு பற்றி மலாயில் மூன்று கட்டளைகள் சொல்லியிருந்தார்: "ஜாங்கான் தாஹான், ஜாங்கான் சும்பாட், தெங்கோக் ஜாம்." அழுத்திப் பிடிக்காதே, வாயில் எதையும் திணிக்காதே, கடிகாரத்தைப் பார். அதையே செய்தேன். நாற்காலிகளைத் தள்ளினேன். துப்பட்டாவை மடித்துத் தலைக்கு அடியில் வைத்தேன். கழுத்துப் பொத்தானைத் தளர்த்தினேன். இழுப்புக் குறைந்ததும் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்தேன். எச்சில் தொண்டைக்குள் போகாமல் வெளியே வழிய அதுவே வழி.

பிள்ளைகளின் சத்தம் கேட்டுச் சிற்றுண்டிச்சாலை அக்கா சாவிக்கொத்தோடு ஓடி வந்தார். "இரும்பக் கையில குடுத்தா நின்னுரும் டீச்சர்" என்றார். அவருடைய பதற்றத்தில் அன்பு இருந்தது. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடுகின்றன. அந்த நேரத்தில் கையில் இருந்த சாவிக்குப் பெயர் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இதை விளக்க அது நேரமில்லை. "அக்கா, மத்த பிள்ளைங்கள நூலகத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. போற வழியில ஆபீஸ்ல 'வலிப்பு, டீச்சர் 999 கூப்பிடுறாங்க'ன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். அவரும் அப்படியே செய்தார். பதறி நிற்பவருக்கு ஒரு வேலையைக் கொடுத்தால் பதற்றமும் குறைகிறது, வேலையும் நடக்கிறது.

வலிப்பு ஐந்து நிமிடங்களைத் தாண்டினாலும், அடுத்தடுத்து வந்தாலும், மூச்சு சீராகாவிட்டாலும், அந்தப் பிள்ளைக்கு முதன்முறையாக வந்திருந்தாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். பையனுக்கு இதற்கு முன் வந்ததா என்று எனக்குத் தெரியாது; ஆகவே கைப்பேசியை எடுத்தேன். முன்பெல்லாம் தீயணைப்புக்கு 994, பொதுத் தற்காப்புக்கு 991 என்று வெவ்வேறு எண்கள் இருந்தன. 2007ஆம் ஆண்டு முதல் அவசர அழைப்புகள் எல்லாம் 999 என்ற ஒரே எண்ணின் கீழ் வந்தன. எடுப்பவர் முதலில் எந்த உதவி வேண்டும், எந்த இடம் என்று கேட்டு, உரிய தரப்புக்கு அழைப்பை மாற்றுவார். அங்கே மறுபடியும் கேட்பார்கள். பொறுமை இழந்து வைத்துவிடக் கூடாது.

இடம் என்ற கேள்வியில்தான் நம் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பல பள்ளிகள் தோட்டத்தின் பெயரைச் சுமக்கின்றன. ஆனால் அந்தத் தோட்டத்தில் இல்லை. தோட்டம் விற்கப்பட்டபோது பள்ளி வேறிடத்துக்குப் பெயர்ந்திருக்கும். பெயர் பழையதாகவே இருக்கும். எங்கள் பள்ளியும் அப்படித்தான். நான் சேர்ந்த முதல் வாரத்தில் பால் கொண்டுவந்த லோரிக்காரர் பழைய தோட்டம்வரை போய்த் திரும்பி வந்திருந்தார். அன்றே பள்ளியின் சாலைப் பெயர், அருகிலுள்ள எண்ணெய் நிலையம், மாரியம்மன் கோவில் சந்திப்பு ஆகியவற்றை மலாயில் ஒரு தாளில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தேன். அதைப் பார்த்து வாசித்தேன். ஜாகாவைச் சந்திப்பில் போய் நிற்கச் சொல்லி அலுவலகத்தினர் அனுப்பினார்கள். பள்ளியின் பெயரை மட்டும் சொல்லியிருந்தால் ஆம்புலன்ஸ் செம்பனைக் காட்டுக்குள் போயிருக்கும்.

இழுப்பு மூன்றரை நிமிடத்தில் நின்றது. பையன் ஆழ்ந்து தூங்குவதுபோல் மூச்சு விட்டான். ஏறக்குறைய இருபது நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்தது.

பார்த்ததை எழுதுவது

அந்த இடைவெளியில் ஒரு தாளில் குறித்துவைத்தேன்: தொடங்கியது 10.12. நின்றது 10.15க்கும் 10.16க்கும் இடையில். முதலில் இடக்கை இழுத்தது. பிறகு இரு கைகளும் கால்களும். தலை தரையில் மோதவில்லை. வாந்தி இல்லை. 10.24க்குப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது கண் திறந்தான். ஆம்புலன்ஸில் வந்தவர் முதலில் கேட்டவையே இவைதாம். தாளை வாங்கி அப்படியே எடுத்துக்கொண்டார்.

மாலையில் பள்ளியின் பதிவேட்டில் எழுத வேண்டியிருந்தது. "மயக்கம்னு போட்டா போதும்லா. வலிப்புன்னு எழுதினா நாளைக்குப் பத்துப் பேர் கேப்பாங்க" என்று ஒருவர் அறிவுரை சொன்னார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. பள்ளியின் பெயர் கெடக் கூடாது, பையனுக்கும் பட்டப்பெயர் வந்துவிடக் கூடாது என்ற கவலை. ஆனால், மலாயில் 'பீத்தாம்' என்று எழுதினால் மருத்துவர் ஒரு வழியில் யோசிப்பார். 'சவான்' என்று எழுதினால் வேறொரு வழியில் யோசிப்பார். நாளைக்கு இன்னோர் ஆசிரியர் இந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் பையனை நீச்சலுக்கு அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்வார். நோய்க்குப் பெயர் சூட்டுவது உதவியாளரின் வேலை அன்று. அது மருத்துவரின் வேலை. ஆகவே நான் எந்தப் பெயரையும் எழுதவில்லை. கைகால் இழுத்ததையும் நேரத்தையும் நாங்கள் செய்ததையும் வரிசையாக எழுதிக் கையெழுத்திட்டேன். தலைமையாசிரியர் வாசித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கீழே தம் கையெழுத்தையும் இட்டார்.

எல்லாவற்றிலும் கடினமானது வீட்டுக்குச் சொன்னதுதான். பையனின் பெற்றோர் சிங்கப்பூரில் வேலை செய்தார்கள். அவன் பாட்டியின் பராமரிப்பில் இருந்தான். பாட்டிக்கு மலாய் சந்தையில் காய்கறி வாங்கும் அளவுக்குத்தான் தெரியும். 999க்கு மலாயில் பேசிய நான் அவருக்குத் தமிழில் பேசினேன். "பாட்டி, பேரன் நல்லா மூச்சு விடுறான், கண் முழிச்சிட்டான். டீச்சர் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போறாங்க." இவ்வளவும் சொன்ன பிறகே நடந்ததைச் சொன்னேன். பிள்ளையின் இப்போதைய நிலை முதலில், நடந்தது இரண்டாவதாக. இந்த வரிசை மாறினால் கேட்பவரின் நெஞ்சு தாங்காது.

சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, "நாலு வயசுல ஒரு தடவ வந்துச்சும்மா. காக்கா வலிப்புன்னு தெரிஞ்சா பள்ளியில சேத்துக்க மாட்டாங்கன்னு பயந்து சொல்லல" என்றார் பாட்டி.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பள்ளியில் சேரும்போது கொடுத்த படிவத்தில் உடல்நலத்திற்கென்று ஒரு கட்டம் இருந்தது, மலாயில் இருந்தது. அதை யாரும் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்றும் விளக்கவில்லை. நாம் மறைப்பதுபோல் அவரும் மறைத்தார். நம்மைப்போலவே அன்பினால்தான் மறைத்தார்.

அடுத்த வாரம் வகுப்பாசிரியரின் அனுமதியோடு தமிழில் ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு தாளைத் தயாரித்து வீடுகளுக்கு அனுப்பினேன். பிள்ளைக்கு வலிப்பு வந்ததுண்டா, இளைப்பு உண்டா, எந்த உணவு ஆகாது, என்ன மருந்து உட்கொள்கிறது, அவசரத்தில் யாரை அழைக்க வேண்டும். தலைப்பில், "உங்கள் பிள்ளையை வகுப்பிலிருந்து நீக்க அன்று, காப்பாற்ற" என்று எழுதியிருந்தேன். இரண்டு வீடுகளிலிருந்து புதிய செய்திகள் வந்தன. ஒரு பிள்ளைக்கு இளைப்பு. இன்னொரு பிள்ளைக்குக் கச்சான் ஆகாது. ஆண்டு முழுவதும் அவர்கள் எங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தார்கள், எங்களுக்குத் தெரியாது. தாய்மொழியில் கேட்டதால் வந்த விடைகள் அவை. தமிழ் எதற்குப் பயன்படும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இப்போது ஒரு பதில் உண்டு.

சத்தமில்லாத அவசரம்

எல்லா அவசரங்களும் கீழே விழுந்து சத்தம் எழுப்புவதில்லை. சட்டையை மாற்றிவிடும்போது முதுகில் தெரியும் தழும்பு, தொட்டாலே நடுங்கும் உடல், வீட்டுக்குப் போகும் நேரம் வந்தாலே அழும் பிள்ளை ஆகியவையும் அவசரங்களே. இவற்றையும் முதலில் பார்ப்பவர் உதவியாளர்தான். 'குடும்ப விஷயம்' என்று ஒதுங்கச் சட்டமும் இடந்தரவில்லை. 2001ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டம், மருத்துவர், குடும்பத்தினர், ஊதியம் பெற்றுக் குழந்தையைப் பராமரிப்பவர் ஆகியோர் துன்புறுத்தலை நம்புவதற்குத் தக்க காரணம் இருந்தால் சமூகநல அதிகாரியிடம் உடனே தெரிவிக்க வேண்டும் என்கிறது. 2017ஆம் ஆண்டு சிறார் பாலியல் குற்றங்கள் சட்டத்தின் கீழ், அத்தகைய குற்றத்தைப் பற்றித் தகவல் தராமல் இருப்பதே குற்றம். 15999 என்ற தாலியான் காசே எண் இதற்காகவே இருக்கிறது. துப்பறிவதும் பிள்ளையைக் குறுக்கு விசாரணை செய்வதும் நம் வேலை அல்ல. பிள்ளை சொன்னதை அதன் சொற்களிலேயே எழுதிக்கொண்டு, புலனக் குழுவில் பரப்பாமல், உரியவரிடம் சேர்ப்பதே நம் வேலை.

நம் முகாம்களுக்கு

வாசகர்களே, இது ஆசிரியர் உதவியாளர்களுக்கு மட்டுமான செய்தி அன்று. நம்மில் பலர் விடுமுறையில் தற்காலிக ஆசிரியர்களாகச் செல்கிறோம். நம் போன்ற தமிழ் மன்றங்கள் தமிழ்ப்பள்ளிகளில் தன்முனைப்பு முகாம்களும் மொழி முகாம்களும் நடத்துகின்றன. அந்த இரண்டு மூன்று நாள்களுக்கு அப்பிள்ளைகளின் பெற்றோர் நாம்தாம்.

ஈப்போவிலிருந்து கம்பார் செல்லும் பழைய சாலையில் கோலா டிப்பாங் என்ற சிற்றூர் உள்ளது. 2009ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் இரவு, அங்கே ஒரு புறப்பாட முகாமில் கலந்துகொண்ட மாணவர்கள் கம்பார் ஆற்றின் மேல் புதிதாகக் கட்டப்பட்டிருந்த தொங்குபாலத்தைக் கடந்தபோது பாலம் அறுந்தது. மூன்று சிறுமிகள் ஆற்றோடு போயினர். மூவரும் பேராக் தமிழ்ப்பள்ளி மாணவிகள். இன்றும் பேராக்கில் முகாம் என்றால் பெற்றோர் ஒரு கணம் தயங்குவதற்குக் காரணம் அந்த இரவு. அந்தத் தயக்கத்தை மதிக்காமல் நாம் முகாம் நடத்தக் கூடாது.

அடுத்த முகாமுக்குப் பதாகை, டீ-சட்டை, பரிசுக் கோப்பை பற்றிப் பேசி முடித்த பிறகு, கால் மணி நேரம் இதற்கும் ஒதுக்குங்கள். ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் நோயும் வீட்டு எண்ணும் அடங்கிய பட்டியல் யார் கையில் இருக்கும்? இடத்தின் சரியான முகவரி மலாயில் எங்கே ஒட்டப்பட்டிருக்கும்? 999ஐ அழைப்பவர் யார், மற்ற பிள்ளைகளை அழைத்துச் செல்பவர் யார், சந்திப்பில் போய் நிற்பவர் யார்? பாட்டிக்குத் தமிழில் சொல்லப்போவது யார்? முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர் "அண்ணே, அந்தப் பலகை ஆடுது" என்று சொன்னால், தலைவர் நின்று கேட்பாரா?

கடைசிக் கேள்விதான் முதன்மையானது. சொல்லத் துணிவு வேண்டும் என்று சிறியவர்களுக்கு மட்டும் அறிவுரை கூறிப் பயனில்லை. சொன்னவரைக் கடியாமல் கேட்கும் பெரியவர்கள் இருக்கும் இடத்தில்தான் துணிவு வளரும். தோட்டத்துப் படிகளை நாம் எப்போதோ இறங்கி வந்துவிட்டோம். நம் மன்றங்களிலும் பள்ளிகளிலும் அவற்றை மறுபடியும் கட்டாமல் இருப்போம்.